பொதுச் சுவரில் மூன்று தட்டு

“…அதனாலதான் தாயி, சட்டையக்கூட மாட்டாம ஓடியாந்தேன். மூணு தட்டுன்னா எங்க மில்லுல ஒரே அர்த்தந்தான். ஆளு மாட்டிக்கிட்டான், கையில இருக்கதப் போட்டுட்டு ஓடி வான்னு அர்த்தம். சொல்லு, பிள்ளைக்கு என்ன?”

பத்து வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதத்து மத்தியானம், ராஜபாளையத்தில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டு வாசலில் நின்று இப்படிக் கேட்டவர் பக்கத்து வீட்டு அண்ணாச்சி. தோளில் துண்டு மட்டும் கிடந்தது. மூச்சு வாங்கியது. என் கையில் மிளகாய் இடிக்கிற உலக்கை. பிள்ளைக்கு ஒன்றுமே இல்லை. நான் அந்தச் சுவரை மூன்று தடவை இடித்தது அவர் வீட்டுக்காரம்மா மேல் இருந்த ஆத்திரத்தில்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொன்னால்தான் இது விளங்கும்.

எனக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். தலைப்பிரசவம் அங்கேதான். ஐந்து மாதம் அம்மா வீட்டில் சீராடிவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் திரும்பினேன். என் வீட்டுக்காரருக்கு பேண்டேஜ் துணி கம்பெனியில் வேலை. காலையில் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். எங்களுடையது ஓட்டு வீடு. எங்களுக்கும் அண்ணாச்சி வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அந்தச் சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் குறுக்கே ஒரு பனங்கட்டை விட்டம். அதில், அந்தச் சுவர்ப் பக்கமாக, அம்மாவின் பழைய நூல்சேலையைப் போட்டுத் தொட்டில் கட்டியிருந்தேன்.

வந்த இரண்டாம் வாரமே குழாயடியில் எனக்கும் அண்ணாச்சி வீட்டுக்காரம்மாவான மதினிக்கும் வாய்த்தகராறு. வரிசையில் என் குடத்தை வைத்துவிட்டு, பிள்ளை அழுகிறானே என்று உள்ளே போயிருந்தேன். திரும்பி வந்தால் என் குடம் தள்ளி உட்கார்ந்திருக்கிறது, மதினியின் குடம் நிறைந்துகொண்டிருக்கிறது. “ஒரு நிமிசம் பொறுக்க மாட்டீகளா” என்றேன். “ஆமா, ஊர்லயே பிள்ள பெத்தவ நீ ஒருத்திதானாக்கும்” என்றார். இந்த ஊர்ப் பெண்களுக்குப் பேச்சு சும்மா வராது, சுருக்கென்று குத்திக்கொண்டுதான் வரும். வேறு நேரமாக இருந்தால் ரசித்திருப்பேன். அன்றைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். அதோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்ற கொஞ்ச நாளில் சத்தம் ஆரம்பித்தது.

டொக். செத்த நேரம் கழித்து இன்னொரு டொக். பொதுச் சுவரின் மேல்பக்கத்தில் யாரோ குழவிக்கல்லால் தட்டுகிற மாதிரி. எப்போது தெரியுமா? பிள்ளையைத் தொட்டிலில் போட்டு, அவன் கண் சொருகுகிற நேரம் பார்த்து. காலையில் குளிப்பாட்டித் தூங்கப் போட்டால் டொக். மத்தியானம் போட்டால் டொக். தொட்டிலை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்தப் பக்கமும் கப்சிப். மறுபடி ஆட்டத் தொடங்கினால் மறுபடி டொக். நான் கவனிக்கிறேன் என்று தெரிந்து மதினி நிறுத்துகிறார், என்ன கள்ளத்தனம் பாருங்கள் என்று எனக்கு நானே பேசிக்கொள்வேன்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். “எலியா இருக்கும்” என்று பொறி வாங்கி வந்து வைத்தார். எலியும் மாட்டியது. சத்தம் நிற்கவில்லை. “மதினிதான்” என்றேன். “அவிய ஏன் அந்த உயரத்துல ஏறி நின்னு தட்டப் போறாக?” என்றார். ஆண்களுக்குக் குழாயடி விவகாரம் புரியாது என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்குப் பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட மறுநாள். காலெல்லாம் வீங்கி, உடம்பு சுட்டது. ராத்திரி முழுக்க மடியில். மத்தியானம் எப்படியோ கண்ணை மூடினான். நானும் அப்பாடா என்று தொட்டிலை ஆட்டினேன். டொக். வீல் என்று எழுந்துவிட்டான். அவனைத் தூக்கிப் பாயில் கிடத்தினேன். அடுப்பங்கரையிலிருந்து உலக்கையை எடுத்து வந்தேன். என் பலம் எல்லாவற்றையும் கூட்டிச் சுவரில் மூன்று இடி இடித்தேன்.

அதற்குத்தான் அண்ணாச்சி ஓடி வந்து நின்றார்.

அவர் நூல் மில்லில் ஃபிட்டர். இருபது வருஷமாக மெஷின் இரைச்சலிலேயே நின்று காது முக்கால்வாசி போய்விட்டது. எதிரில் நிற்பவரின் வாயசைவைப் பார்த்துத்தான் பேச்சைப் பிடிப்பார். அவர் பேசினால் தெருமுனை வரை கேட்கும். நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் அந்தச் சுவரோரம் தலை வைத்துத் தூங்குகிறவர். என் இடி அவர் காதில் விழவில்லை, தலையில் அதிர்ந்திருக்கிறது. மதினி மாவு மில்லுக்குப் போயிருந்தாராம். அதாவது, நான் யாரை நினைத்து இடித்தேனோ அவர் அப்போது வீட்டிலேயே இல்லை.

வாயில் வந்த பொய்யைச் சொன்னேன். “சுவத்துக்குள்ள ஒரு சத்தம் அண்ணாச்சி. பிள்ளையத் தூங்க விட மாட்டேங்கு. அதக் காட்டத்தான் தட்டினேன்.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “செவிட்டுப் பயலக் கூப்பிட்டு சத்தத்தக் கேளுன்னு சொன்ன மொத ஆளு நீதான் தாயி. இரு, வாரேன்.”

முழங்கை நீளத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு திரும்பி வந்தார். மெஷினில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று மில்லில் அதை வைத்துத்தான் பார்ப்பார்களாம். நுனியைச் சுவரில் வைத்தார், பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்தினார், கண்ணை மூடிக்கொண்டார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைக்கிற மாதிரி இடம் இடமாக மாற்றி வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணையும் காணமே. எப்பம் வரும்?”

“பிள்ளையத் தூங்கப் போடும்போது.”

“அப்பம் நீ என்ன செய்வியோ, அத அப்படியே செய்யி.”

தொட்டில் பக்கத்தில் போய் நின்றேன். கை வரவில்லை. பிள்ளை பாயில் கிடக்கிறான். வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது, பிள்ளைக்கு ஆகாது என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தார். ராஜபாளையம் திரும்பிய இந்த மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட நான் வெறும் தொட்டிலை அசைத்ததில்லை.

நான் சொல்லாமலே அவருக்குப் புரிந்துவிட்டது. நேரே அடுப்பங்கரைக்குப் போய் அம்மியிலிருந்து குழவியைத் தூக்கினார். தன் தோள் துண்டில் அதைச் சுற்றித் தொட்டிலில் கிடத்தினார். “பேரு வைக்கையில மொதல்ல இவனத்தான போட்டு ஆட்டுனீய? இப்பமும் இவனே ஆடட்டும்.”

ஸ்ரீவில்லிபுத்தூரில் பெயர் வைத்த அன்றும் அப்படித்தான் செய்தோம். முதலில் குழவிக்கல், பிறகுதான் பிள்ளை.

அவர் சுவரில் ஸ்க்ரூ டிரைவரை ஊன்றிக்கொண்டார். நான் ஆட்டினேன். ஒரு வீச்சு, ஒன்றுமில்லை. இரண்டாவது வீச்சு அகலமாகப் போனது. டொக்.

“நிப்பாட்டு,” என்றார். நிறுத்தினேன். சத்தம் இல்லை. “ஆட்டு.” ஆட்டினேன். டொக். “நிப்பாட்டு.”

நான் தொட்டிலைப் பிடித்திருந்த என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். இத்தனை நாளும் தட்டியது இந்தக் கைதான்.

அண்ணாச்சி ஸ்டூலைப் போட்டு ஏறினார். விட்டம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. வெந்த கிழங்கில் இறங்குகிற மாதிரி பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. அவர் அதை உருவியதும் பொலபொலவென்று மண்ணும் தூளும், கூடவே வெள்ளை வெள்ளையாய்க் கரையானும் கீழே கொட்டின. கொட்டிய இடம் தொட்டில். துண்டுக்குள் கிடந்த குழவிக்கல்லின் மேல்.

“தாயி, பிள்ளையத் தூக்கிட்டு வெளிய போ,” என்றார்.

எப்போதும் கத்திப் பேசுகிற மனுஷன், அதை மட்டும் ரொம்பத் தணிவாகச் சொன்னார்.

பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். அவர் எங்கிருந்தோ ஒரு சவுக்குக் கம்பைக் கொண்டுவந்து, விட்டத்துக்கு முட்டுக் கொடுத்து, அடியில் கல்லை வைத்து இறுக்கினார். ராத்திரி வேலைக்குப் போக வேண்டியவர், அவர் தூக்கம் அன்றைக்கு என் வீட்டில் போனது. மறுநாள் வீட்டுக்காரர் வரவழைத்த ஆசாரி விட்டத்தை இறக்கிப் பார்த்தார். சுவருக்குள் இருந்த ஒரு முழ நீளத்துக்கு மேல்தோல் மட்டும்தான் கட்டை. உள்ளே எல்லாம் மண். அரித்துப்போன அந்த நுனிதான், தொட்டில் அகலமாக வீசும்போதெல்லாம் பொந்துக்குள் எம்பிச் சுவரில் இடித்திருக்கிறது. “பிள்ளை இன்னும் கொஞ்சம் கனம் கூடியிருந்தா போதும்” என்றார்.

அந்தப் பிள்ளை இப்போது ஐந்தாம் வகுப்பு படிக்கிறான். பக்கத்து வீட்டு மதினியை அவன் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறான். பாதி நாள் சாப்பாடு அங்கேதான். நாங்கள் வேறு தெருவுக்குக் குடி மாறியும் அது நிற்கவில்லை. பக்கத்து வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் எனக்கு இன்றைக்கும் முதலில் வருவது கோபம்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது வாய்க்கு வருவதற்குள் கால் செருப்பைத் தேடிப் போய்விடுகிறது, என்ன ஏது என்று கேட்டு வர. எனக்கு அந்தப் பழக்கம் வந்தது அன்றைக்குத்தான்.

அன்றைக்கு முட்டுக் கொடுத்து முடித்து அண்ணாச்சி கை கழுவிக்கொண்டிருந்தபோது, நான் பிள்ளையோடு உள்ளே வந்தேன். எனக்குப் பொறுக்கவில்லை. அவர் காதில் விழாது என்கிற தைரியமோ என்னமோ, முணுமுணுப்பாகத்தான் சொன்னேன். “நான் உங்களக் கூப்பிடல அண்ணாச்சி. மதினிதான் வேணும்னே தட்டுறாகன்னு நெனச்சு, கோவத்துல இடிச்சேன்.”

அவர் கண்ணால் கேட்கிறவர் என்பது மறந்தே போய்விட்டது.

என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர் கையை உதறினார். “எனக்கு எங்க தாயி கோவமெல்லாம் கேக்கு? மூணு தட்டு தெரிஞ்சது, ஓடியாந்தேன்,” என்றார்.

அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் கதவு திறக்கிற சத்தமும், மாவு வாளியைக் கீழே வைக்கிற சத்தமும் கேட்டன. மதினி வந்துவிட்டார். அண்ணாச்சிக்கு அது கேட்டிருக்காது. என் முகம் மாறியதைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். மூலையில் நான் போட்டிருந்த உலக்கையை எடுத்தார். குனிந்து, மேலே விட்டம் அதிராதபடி தரையோரமாகப் பார்த்து, அந்தப் பொதுச் சுவரில் மூன்று தடவை தட்டினார்.