நான் பெயிலான அன்று தங்கை சிரித்தாள்

நான் எட்டாம் வகுப்பில் பெயிலானவன். இதை நானே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் என்னைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்வார்கள். நடந்து ஐம்பது வருஷம் ஆகப் போகிறது. அரசாங்க வேலை பார்த்து ரிட்டயர் ஆகிவிட்டேன், பேரனும் எடுத்துவிட்டேன், ஊருக்கு நான் இன்னமும் எட்டாவதில் கோட்டடித்த பயல்தான். சொல்லிக்கொள்ளட்டும். பெயிலானதற்காக இப்போது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதற்குப் பிறகு நான் செய்த காரியத்துக்குத்தான் வருத்தம்.

எங்கள் ஊர் குன்னத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. வானத்தை நம்பிப் பருத்தியும் கொத்தமல்லியும் சோளமும் போடும் கரிசல் காடு. ஊரில் ஐந்தாவது வரைதான். எட்டாவது வரை படிக்கப் பக்கத்து ஊருக்கு மூன்று மைல் நடக்க வேண்டும். நடுவில் ஓர் ஓடை, ஆள் உயரத்துக்குச் சோளக் கொல்லைகள். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் பெரம்பலூர். அங்கே பெரியப்பா வீட்டில் தங்கி நான் ஒன்பதாவது படிப்பதென்று எட்டாவது பரீட்சை எழுதும் முன்பே ஏற்பாடாகிவிட்டது. அப்பா எனக்கென்று ஒரு தகர டிரங்குப் பெட்டிகூட வாங்கி வந்துவிட்டார். பிள்ளை பிறக்குமுன் பேர் வைத்த கதைதான்.

தங்கை என்னைவிட ஒன்றேகால் வயது சின்னவள். ஏழாவது படித்துக்கொண்டிருந்தாள். இருவரும் சேர்ந்துதான் பள்ளிக்கூடம் போவோம். சேர்ந்து என்றால், நான் கையை வீசிக்கொண்டு முன்னால் போவேன், அவள் தன் பையையும் என் பையையும் தூக்கிக்கொண்டு இருபதடி பின்னால் வருவாள். எங்கள் ஊரிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போன பெண்பிள்ளை அவள் ஒருத்திதான். அவள் ஆசைப்பட்டுப் படிக்கிறாளா என்று நான் யோசித்ததே இல்லை. பின்னால் வருகிறாள், அவ்வளவுதான்.

மே மாதக் கடைசியில் பாஸானவர்கள் பெயரை எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தேன், கீழிருந்து மேலே ஒருமுறை பார்த்தேன். என் பெயர் இல்லை. கணக்கில் பதினேழு, இங்கிலீஷில் இருபத்தொன்று வாங்கியவன் பெயரை எந்த போர்டில் ஒட்டுவார்கள்? ஆனால் அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ஏழாவதுப் பட்டியலில் தன் பெயரைப் பார்த்துவிட்டுத் தங்கை என் பக்கத்தில் வந்து நின்றாள். எட்டாவதுப் பட்டியலை விரலை வைத்து நிதானமாகப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசிப் பெயர் வந்ததும் சிரித்தாள்.

உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்கு மூக்குக்கு மேலே கோபம் வரும், அப்போதும் அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். அத்தனை பேர் முன்னாலும் ஓங்கி ஓர் அறை விட்டேன். அவள் அழவில்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மூன்று மைலும் இருபதடி பின்னால் வந்தாள்.

வீட்டில் அம்மா அழுதாள். அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. டிரங்குப் பெட்டியைத் திறந்து, அதில் விதை மல்லியைக் கொட்டி மூடி வைத்தார். திட்டியிருந்தால் தேவலை.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. நானும் தங்கையும் ஒரே வகுப்பு. கடைசி பெஞ்சில் நான், எதிர்ப்பக்கம் பெண்பிள்ளைகள் வரிசையில் முதலாவதாக அவள். ஒரே வகுப்புக்கு எதற்கு இரண்டு புத்தகம் என்று என்னுடைய பழைய புத்தகங்களையே இருவருக்கும் வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். போன வருஷம் நான் மீசையும் கொம்பும் வரைந்து வைத்த பக்கங்களை அவள் ரப்பர் போட்டு அழித்து, பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டுக்கொண்டாள்.

கணக்கு வாத்தியாருக்கு ஒரு வழக்கம் உண்டு. கேள்வி கேட்பார். தெரியாதவர்கள் நின்றுகொண்டே இருக்க வேண்டும். யார் சரியாகச் சொல்கிறார்களோ அவர்கள் போய், நிற்கிறவர்கள் தலையில் வரிசையாகக் குட்டிவிட்டு உட்கார வேண்டும். முதல் வாரத்திலேயே அது வந்தது. வட்டிக் கணக்கு. பதினோரு பேர் நின்றோம். சரியாகச் சொன்னது என் தங்கை.

ஒவ்வொரு தலையாக நறுக் நறுக்கென்று குட்டிக்கொண்டு வந்தவள் என்னிடம் வந்ததும் நின்றுவிட்டாள். வாத்தியார் பிரம்பால் மேசையைத் தட்டினார். அவள் கையைத் தூக்கி என் தலையில் மெதுவாக வைத்து எடுத்தாள். ஆசீர்வாதம் பண்றாடா என்று ஒருவன் சொன்னான், வகுப்பே கொல்லென்று சிரித்தது. ஒழுங்காகக் குட்டாததற்கு வாத்தியார் அவள் உள்ளங்கையில் இரண்டு அடி போட்டார். அவள் ஓங்கிக் குட்டியிருந்தால் எனக்கு இத்தனை அவமானமாக இருந்திருக்காது என்று நினைத்தேன். அடி வாங்கியது அவள், அவமானப்பட்டது நானாம். என் புத்தி அப்படி இருந்தது.

அதற்குப் பிறகு, நான் நின்றுகொண்டிருக்கும்போது அவளும் தெரியாது என்று நிற்க ஆரம்பித்தாள். வேறு யாராவது சொல்லி, இருவரும் குட்டு வாங்குவோம். அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை என்று நான் சந்தோஷப்பட்டேன். காலாண்டுப் பரீட்சையில் அவள்தான் முதல் ரேங்க் என்று வந்தபோதுதான் விஷயம் புரிந்தது. பையன்கள் சும்மா விடுவார்களா? ஓடைக்கரை வரை கூடவே வந்து பாடினார்கள். “டேய், தங்கச்சிய பாத்து எழுதியாச்சும் இந்த வருஷம் தேறுடா.” தினமும் இதே பாட்டுதான். அவர்கள் பேசியது இவ்வளவுதான். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மாதத்தில் தங்கை பெரியவளானாள். அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, வந்து வீட்டுக்கு முன்னால் பச்சை ஓலையில் ஒரு குச்சு கட்டினார். பதினாறு நாள் அவள் அதற்குள்தான் இருக்க வேண்டும். தனித் தட்டு, தனிச் சொம்பு. புத்தகம் சரஸ்வதி, தீட்டோடு தொடக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். நான் பள்ளிக்கூடம் விட்டு வருவதற்காக அவள் ஓலை இடுக்கில் கண்ணை வைத்துக் காத்திருப்பாள். என்ன பாடம் நடந்தது, வெளியில் நின்றே கொஞ்சம் படித்துக் காட்டு என்று கெஞ்சுவாள். மூன்று நாள் படித்தேன். மூன்றாம் நாள் ஒரு கணக்கைப் பாதி வாசிக்கும்போதே உள்ளேயிருந்து அவள் விடையைச் சொல்லிவிட்டாள். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா சிரித்துக்கொண்டே, இதில் யார் பெயிலானது, யார் பாஸானது என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். நாலாம் நாள் முதல் பாடமே நடக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். பதின்மூன்று நாளும் அதே பொய்தான். அவள் ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

மஞ்சள் நீராட்டு முடிந்து, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுப் போன மத்தியானம், அப்பாவும் மாமாவும் வேப்ப மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்தார்கள். இனிமேல் எதற்கு அவளுக்குப் படிப்பு, ஊரில் யார் வீட்டுப் பெண் இதற்குமேல் போயிருக்கிறது என்று மாமா பேச்சை எடுத்தார். அப்பா அவர் சொன்னதற்கெல்லாம் தலையாட்டுகிறவர். அன்றைக்கு ஆட்டவில்லை. பிள்ளை நன்றாகப் படிக்கிறாள் என்று வாத்தியாரே வழியில் பார்த்துச் சொன்னாராம். அதனால், அண்ணன்காரன் ஒரே வகுப்பில்தானே உட்கார்ந்திருக்கிறான், கூடவே போய்க் கூடவே வரட்டுமே என்றார். எட்டாவதைத் தாண்டிவிட்டால் பெரியப்பா வீட்டில் இரண்டு பேருமே தங்கிப் படிக்கலாம் என்றும் சொன்னார்.

“இவன் பெயிலானதுல இது ஒண்ணாச்சும் நல்லதாப் போச்சு” என்று சிரித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “என்னடா, தங்கச்சிய பத்திரமா கூட்டிட்டுப் போயிட்டு கூட்டிட்டு வந்துருவியா?”

வாசல்படிக்கு உள்ளே, நிலையைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றிருந்தாள். முதல்முதலாகக் கட்டிய தாவணி, எண்ணெய் வைத்து வாரிய தலை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரி என்ற ஒரு வார்த்தை போதும். எனக்கு வட்டிக் கணக்கும், தலையில் வைத்த கையும், ஓடைக்கரைச் சிரிப்பும், எல்லாவற்றுக்கும் மேலாக நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் அவள் சிரித்த சிரிப்பும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

“வேணாம்ப்பா. பசங்க ஏதேதோ பேசுறானுங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். யாரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. வயதுக்கு வந்த பெண்ணை வைத்திருக்கும் எந்தத் தகப்பன் அதற்குமேல் கேட்பான்? அவர் முகம் கறுத்தது. மாமா, நான்தான் சொன்னேனே என்றார். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டுப் பக்கம் போய்விட்டார். நான் நிமிர்ந்து பார்த்தபோது நிலைப்படியில் தங்கை இல்லை.

திங்கட்கிழமை என் பையை நானே தூக்கிக்கொண்டு போனேன். பாவி, அது அத்தனை கனம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். பையில் எல்லாப் புத்தகங்களும் இருந்தன. அவளே எடுத்து அடுக்கி வைத்திருந்தாள்.

அந்த வருஷம் நான் பாஸானேன். அப்பா டிரங்குப் பெட்டியிலிருந்த மல்லியைக் கொட்டிவிட்டு என் துணிகளை வைத்துக் கொடுத்தார். பெரம்பலூரில் ஒரு வருஷம் என் சட்டையெல்லாம் மல்லி வாசம். தங்கை பருத்தி எடுக்கப் போனாள், மிளகாய்க்குக் களை வெட்டினாள். பதினெட்டு வயதில் திருமானூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தோம். கொள்ளிடத்துத் தண்ணீர் பாயும் நெல்லும் கரும்புமான ஊர். மாப்பிள்ளை நல்லவர். எனக்கு அரியலூரில் ஓர் ஆபீசில் கிளார்க் வேலை கிடைத்தது. வருஷா வருஷம் பொங்கல் சீர் கொண்டுபோய்க் கொடுப்பேன். கரும்புக் காட்டுக்குள் குடியிருப்பவளுக்குக் கரும்பு கட்டிக்கொண்டு வருகிறாயே என்று கேலி செய்வாள்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பொங்கலுக்கு அப்படிப் போயிருந்தேன். அவளுடைய மூத்த பெண் அப்போது மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாள். வந்ததும் வராததுமாக, மாமா, நீங்க எட்டாவதுல பெயிலாமே என்று கேட்டது அந்தக் குட்டி. தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதெல்லாம் அது எனக்கே வேடிக்கையாகிவிட்டிருந்தது.

“நான் சிரிச்சேன்னு அன்னிக்கு ஒரு அறை வுட்டியே அண்ணே, ஞாபகம் இருக்கா?” என்றாள். “ஏன் சிரிச்சேன்னு நீ கேக்கவே இல்லயே.”

எதற்கு என்றேன்.

“நீ பெரம்பலூர் போயிட்டா எனக்குத் தொணைக்கு ஆளில்ல, ஏழாவதோட போதும்னு அப்பா முன்னாடியே சொல்லிட்டாரு. நாலு நாளா சோறு எறங்கல எனக்கு. போர்டுல ஒன் பேரு இல்லன்னதும், அப்பாடா, இன்னும் ஒரு வருஷம் பள்ளிக்கூடம் போவலாம்னு சிரிப்பு வந்துடுச்சு. நீ பாவம் அழுவுற, எனக்கா அடக்க முடியல.”

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். நான் பெயிலான அன்று உலகத்தில் ஒரே ஒரு ஜீவன் சந்தோஷப்பட்டிருக்கிறது. அதைத்தான் அறைந்திருக்கிறேன். அது போதாதென்று அந்த ஒரு வருஷத்தையும் பாதியில் பிடுங்கிப் போட்டிருக்கிறேன்.

மகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் கேட்டாள்.

“ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்தேன் அண்ணே. அந்தப் பசங்க என்னைப் பத்தி என்னதான் பேசுனானுங்க? நான் யாரையும் நிமிந்துகூடப் பாத்ததில்லயே.”

பதினைந்து வருஷமாக இதை வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். பருத்திக் காட்டில் குனிந்து நிற்கும்போதும், மணவறையில் உட்கார்ந்திருந்தபோதும், என்ன தப்பு செய்தோம், எவன் என்ன பேசினான் என்று யோசித்துப் பார்த்திருப்பாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மாப்பிள்ளை உள்ளே வந்தார். அது சாக்கு. அவர் வராவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

“மறந்து போச்சும்மா” என்றேன்.

“சரி, வுடு. அதுவா இப்ப முக்கியம்” என்று எழுந்து, எனக்கு வெல்லம் கட்டிக் கொடுக்கப் போனாள்.

அம்மா அப்பா போய்விட்டார்கள். மாமாவும் போய்விட்டார். உண்மை தெரிந்தவன் அன்றைக்கும் இன்றைக்கும் நான் ஒருத்தன்தான். ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்லிவிடுவதென்று பஸ் ஏறுவேன், சீரை இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டு வந்துவிடுவேன். என் வாய் பொய்க்குத்தான் லாயக்கு. அதனால் எழுதிவிட்டேன். அவள் இப்போதும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பேப்பரை ஒரு வரி விடாமல் படிப்பாள். இதையும் படிப்பாள். ஏழாவது வரை படித்தவள்.