மேஜரின் குட்டிகள்

என் பெரிய மாமா பட்டாளத்தை விட்டு ஊர் திரும்பியபோது டிரங்குப் பெட்டி, கம்பளி, ரம் பாட்டில் இவற்றோடு ஒரு மேஜரையும் கூட்டிக்கொண்டு வந்தார். மாற்றலாகிப் போன அதிகாரி ஒருவர் விட்டுவிட்டுப் போன நாய் அது. பனிமலைப் பக்கம் சக்கரமில்லாத வண்டிகளை இழுக்கிற இனம் என்று மாமா சொன்னார். பல வருஷம் மேஜர்களுக்கு சல்யூட் அடித்தவர், ஒரு மேஜரைப் பார்த்து ‘உக்காரு’ என்று சொல்லும் சந்தோஷத்துக்காகவே அந்தப் பெயரை வைத்திருக்கிறார் என்பது என் அப்பாவின் கட்சி.

சங்கரன்கோவில் வெயிலில் மேஜர் கம்பளி போர்த்திய சாமியார்போல நின்றது. அதன் கண்கள் நீலம். வெள்ளைத் துணிக்குப் போடும் நீலத்தை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் வருமே, அந்த நீலம். அது குரைத்து யாரும் கேட்டதில்லை. மாமாவின் தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த முற்றத்தில் குழி தோண்டி, அதற்குள் படுத்துக்கொள்ளும். குழி சூடேறினால் பக்கத்தில் இன்னொன்று தோண்டும். எல்லாம் பச்சைப்பிள்ளையைப் புதைக்கிற அளவுக் குழிகள். தறிக்கு நூல் சுற்ற வந்த பெண்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தார்கள்.

மாமாவிடம் ஏற்கெனவே ஒரு வெள்ளை ராஜபாளையத்து நாய் இருந்தது. அதற்கும் மேஜருக்கும் பிறந்த முதல் குட்டிகள் கண் திறந்த சூட்டில் விற்றுப்போயின. மில் முதலாளிகளும் பஞ்சு பிரிக்கிற ஜின்னிங் ஃபேக்டரிக்காரர்களும் காரில் வந்து தூக்கிப் போனார்கள். ஆனால் எல்லோரும் கேட்டது நீலக்கண். அந்தக் குட்டிகளில் ஒரே ஒரு பெட்டைக்குத்தான் அது இருந்தது. மாமா அதை விற்காமல் வளர்த்து, அடுத்த வருஷம் மேஜரோடேயே சேர்த்துவிட்டார்.

நூல் சுற்றுகிற பெண் ஒருத்தி, அப்பனுக்கும் மகளுக்குமா என்று முகத்தைச் சுளித்தாளாம். மாமா சிரித்தபடி, ரத்தம் வெளியே போகாமல் இருந்தால்தான் சாதி நிற்கும், எங்கள் வீட்டையே பார் என்று அக்காவைக் காட்டினாராம்.

அக்கா என்று நான் சொல்வது மாமாவின் மனைவியை. அவள் என் பெரியம்மா மகள். மாமா தன் சொந்த அக்கா மகளையே கட்டியிருந்தார். பெரியம்மாவையும் அவளுடைய தாய்மாமனுக்குத்தான் கொடுத்திருந்தார்கள். எங்கள் வீட்டில் கல்யாணம் என்றால் பெண் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போவாள், அவ்வளவுதான்.

நான் புளியங்குடியிலிருந்து கோடை விடுமுறைக்கு அங்கே போனபோது அந்த இரண்டாவது ஈத்துக் குட்டிகள் முற்றத்தில் இருந்தன. எல்லாம் வெள்ளை. எல்லாவற்றுக்கும் இரண்டு கண்ணும் நீலம். அக்காவுக்கும் அப்போதுதான் ஆண் குழந்தை பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தறிக்கூடத்துச் சுவரை ஒட்டிய அறையில், உத்தரத்தில் கட்டிய சேலைத் தொட்டிலில் கிடப்பான்.

அந்த வீட்டில் எனக்கு மத்தியானம்தான் பயம். பகல் முழுக்கத் தறிகள் அடித்துக்கொண்டே இருக்கும். தரை அதிரும், சுவர் அதிரும், சொம்புத் தண்ணீரில் வளையம் வளையமாக ஓடும். அந்த அதிர்வில் குட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று கிடந்து தூங்கும். உச்சிவேளையில் கரண்டு போகும். எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் நின்றுவிடும். அந்த நொடியில் குட்டிகள் அத்தனையும் ஒன்றாக விழிக்கும். ஒன்றுகூட முனகாது. தலையைத் தூக்கித் தறிக்கூடத்துச் சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே சுவரைத் தவிர எதுவும் இருக்காது. பிறகு குழிக்குள்ளிருந்து மேஜர் மூக்கை மேலே தூக்கி ஊளையிடும். தெரு நாய்கள் எல்லாம் அடங்கிவிடும். குட்டிகள் மட்டும் தகப்பன் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்க்கும்.

அதே நொடியில் தொட்டிலுக்குள் குழந்தையும் விழிப்பான். அழமாட்டான். அவனும் அந்தச் சுவர்ப்பக்கம் கண்ணைத் திருப்புவான். நான் ஒரு வாசலில் நின்று குட்டிகளையும் அவனையும் மாறிமாறிப் பார்ப்பேன்.

மாமாவுக்கு அது விற்பனைக்கு உதவியது. குட்டி பார்க்க வருகிறவர்களைக் கரண்டு போகும் நேரம் பார்த்து வரச்சொல்வார். “சத்தம் நின்னதும் எப்படி முழிக்குது பாத்தியளா அண்ணாச்சி? அவ்வளவு கூர்மையான காது” என்பார். பிள்ளைக்கும் தன் காதுதான் என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தார்.

அந்தக் குட்டிகளில் முதலாவதை வாங்கிப் போனவர் திருவேங்கடத்துக்காரர், பருத்தி வியாபாரி. ஒருநாள் காலை அவர் வெறுங்கையோடு வந்து நின்றார். குட்டி அவருடைய பேத்தியைக் கன்னத்தில் கடித்துவிட்டது. தினமும் அவளைத் தொப்புளைச் சுற்றி ஊசி போடக் கூட்டிப் போகிறார்கள். குட்டியை அன்றைக்கே அடித்துப் போட்டுவிட்டார்கள்.

“வெளையாடக் கூப்பிட்டுக்கிட்டேதான் பின்னால போயிருக்கா வே” என்றார். “நாய் திரும்பவே இல்ல. தொட்டதும் பாஞ்சிருச்சு.”

மாமா, பயந்த குட்டி அப்படித்தான் செய்யும், வளர்க்கிற விதத்தில் இருக்கிறது என்று பட்டாளத்துக் கதைகளைச் சொல்லி அவரை ஆற்றினார். நாளை மத்தியானம் வந்து வேறு குட்டியை எடுத்துப்போகும்படி சொன்னார். வியாபாரி தயங்கித் தயங்கிச் சம்மதித்தார். மோர் கொண்டுவந்த அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

அன்று கரண்டு போனதும் அக்கா ஒரு பித்தளைத் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். குட்டிகள் வழக்கம்போல சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றின் முதுகுக்குப் பின்னால் நின்று தாம்பாளத்தை ஓங்கி அடித்தாள். தாய் நாய் துள்ளி எழுந்தது. கூரை மேலிருந்த காக்கைகள் பறந்தன. குட்டிகளில் ஒரு காதுகூட அசையவில்லை. அக்கா கீழே பார்த்தாள். காலைத் தூக்கி மண்ணில் ஒரு மிதி மிதித்தாள். அத்தனை குட்டிகளும் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தன. அத்தனை நீலக்கண்களும் ஒருசேரத் திரும்பியதில் நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் முந்தானையை என் கையிலிருந்து விடுவித்துக்கொண்டாள். பிறகு தொட்டில் அறைக்குள் போனாள். குழந்தைக்குப் பின்புறமாக நின்று கரண்டியை ஓங்கினாள். கை இறங்கவில்லை. தாம்பாளத்தை என்னிடம் நீட்டினாள்.

“நீ தட்டுட்டி” என்றாள்.

எனக்குக் குஷியாகிவிட்டது. தட்டினேன். குழந்தை ஓட்டு இடுக்கில் வந்த வெயிலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். இன்னும் பலமாகத் தட்டினேன். வெளியே நூல் சுற்றுகிறவர்கள் என்ன சத்தம் என்று கேட்டார்கள். அவன் இமைகூடத் தட்டவில்லை.

“பாருக்கா, பயமே இல்ல. பட்டாளத்துக்காரர் பிள்ளைல்லா” என்றேன்.

அக்கா என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டாள். அன்று மாலை அவள் விளக்கேற்றவில்லை.

மறுநாள் வியாபாரி சொன்னபடி வந்தார். மாமா ஒரு குட்டியைத் தூக்கி அவர் கையில் கொடுக்கப்போகும் சமயம், அக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடி நடுவில் வந்து நின்றாள்.

“அண்ணாச்சி, இதுக்குக் காது கேக்காது. எதுக்குமே கேக்காது. தறி அதிருத வரைக்கும் தூங்கும், அதிர்வு நின்னா முழிக்கும். அவ்வளவுதான்.”

மாமா அவளை உள்ளே போகச் சொன்னார். அவள் போகவில்லை.

“தெரிஞ்சே எப்படி மாமா குடுக்க? இன்னொரு வீட்டுப் பிள்ளையும் பின்னால போயித் தொடும்லா” என்றாள். பிறகு குரல் இறங்கி, “இவனுக்கும் கேக்கல மாமா” என்றாள்.

மாமா குட்டியைக் கீழே விட்டார். குழந்தையை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். தாம்பாளச் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. அது நிற்கட்டும் என்று வியாபாரி சற்றுநேரம் காத்திருந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு மாமா ஒரு குட்டியையும் விற்கவில்லை. மேஜரை வேறு எதனோடும் சேர்க்கவும் இல்லை. அந்தக் கத்திரி வெயிலிலேயே மேஜர் தான் தோண்டிய குழியில் செத்துக் கிடந்தது. மாமா காலால் மண்ணைத் தள்ளி மூடினார், புதிதாக எதையும் தோண்ட வேண்டியிருக்கவில்லை. மிச்சக் குட்டிகளை அக்காதான் வளர்த்தாள். மண்ணை மிதித்துத்தான் அவற்றைச் சோற்றுக்குக் கூப்பிடுவாள். பையன் தவழ ஆரம்பித்ததும் அவனையும் அப்படித்தான் கூப்பிட்டாள்.

ஆவணியில் அவனுக்கு முடியிறக்கிக் காது குத்தினார்கள். காது கேட்காத பிள்ளைக்குக் காதுகுத்தா என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அக்கா நோய் தீர்க்கும் என்கிற கோயில் புற்றுமண்ணைக் குழைத்து அவன் இரண்டு காதுக்குப் பின்னாலும் பூசியிருந்தாள். எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். பந்தி முடிந்து பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது, பெரியம்மா என் கன்னத்தைக் கிள்ளி, இவள் நம் சின்னவனுக்குத்தான், இப்போதே பேச்சை முடித்துவைத்துவிடுவோம் என்றாள். சின்னவன் என்பது பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த என் சின்ன மாமா. அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கு அதெல்லாம் புரியாது. அக்கா இருக்கிற வீட்டிலேயே நானும் இருக்கலாம் என்பது மட்டும் புரிந்தது.

“வேண்டாம்” என்றாள் அக்கா. மடியில் அழுது களைத்த பிள்ளை. “சித்தி, இவள வெளிய குடுங்க. இந்த வீட்டுக்கு வேண்டாம்.”

அம்மா கையிலிருந்த வெற்றிலையை மடிக்காமல் வைத்திருந்தாள். பெரியம்மா மகளின் முகத்தைப் பார்த்து, என் கன்னத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். மாமா எழுந்து தறிக்கூடத்துக்குள் போய்விட்டார். யாரும் அக்காவைத் திட்டவில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

பஸ்ஸில் புளியங்குடி வரைக்கும் அழுதுகொண்டே வந்தேன். அக்காவுக்கு ஏன் என்னைப் பிடிக்கவில்லை என்று அம்மாவிடம் திரும்பத்திரும்பக் கேட்டேன். அம்மா பதில் சொல்லாமல் என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவளுக்கும் அக்காமேல் கோபம், அதனால்தான் பேசவில்லை என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த விடுமுறைக்கு அங்கே போகவே மாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்தேன்.