கொள்ளுச் செடிக்கு நின்ற கார்

என் காருக்கு என்னைவிட உயிர்ப்பயம் அதிகம். கோட்டைத் தாண்டினால் ஸ்டியரிங்கைத் தானே திருப்பும். குறுக்கே ஏதாவது வந்தால் தானே பிரேக் போடும். நடந்ததையெல்லாம் பெங்களூரில் இருக்கும் என் மகள் கயலின் போனுக்கும் சொல்லிவிடும். "இதுல எதையும் ஆஃப் பண்ணக் கூடாதும்மா. பண்ணுனா காரை வித்துருவேன்" என்பது அவள் நிபந்தனை. அவளைக் குறை சொல்ல முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் ஆண்டிபட்டிக் கணவாயில் லாரியை முந்தப் போய்த்தான் அவள் அப்பா போனார்.

காலை ஏழு மணிக்கு மதுரையிலிருந்து தனியாகக் கிளம்பினேன். அனுமந்தன்பட்டியில் நாத்தனார் வீடு. கணவாய் வந்தபோது எந்த லாரியையும் முந்தாமல் பின்னாலேயே போனேன். கார் பதறாமல் கோட்டுக்குள்ளேயே கூட்டிப்போனது.

எழுபத்தைந்து கிலோமீட்டரில் தேனி, அங்கிருந்து பதினைந்தில் போடி. அங்கே பதினைந்து ரூபாய் டீ. "ஒண்ணா, ரெண்டாக்கா?" என்றார் கடைக்காரர். ஒன்று என்றேன். தேனியிலிருந்து சின்னமனூர் வழிதான் நேர்வழி. நான் மலையை ஒட்டிப் போகும் தேவாரம் சாலையைப் பிடித்தேன். கயலின் அப்பாவுக்கு அதுதான் பிடிக்கும்.

பத்து மணிக்கு, தேவாரம் தாண்டியதும் கார் குலுங்கி நின்றது. எதிரே சாலை முழுக்கக் கொள்ளுச் செடி. வண்டிகள் ஏறி மிதித்தால் கொள்ளு உதிரும் என்று இந்தப் பக்கத்தில் சாலையிலேயே பரப்பிவிடுகிறார்கள். மெல்ல நகர்த்தினேன். மறுபடி பிரேக்.

செடியைக் கிளறிக்கொண்டிருந்த பெண் வந்தாள். "ஏத்திட்டுப் போங்கக்கா. பஸ்காரவுகளே ஏத்திட்டுத்தான் போறாக."

"நான் ஏத்துறேன்மா, கார் மாட்டேங்குது."

"உங்க காருதானக்கா? அது என்ன மாட்டேங்குறது?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தத் தானியங்கி பிரேக்கை அணைத்துவிட்டு ஏறினேன். சக்கரத்தடியில் நெறுநெறுவென்று நொறுங்கியது. "இன்னொருக்கா வாங்கக்கா!" என்றாள். பின்னால் வந்து மறுபடி ஏறினேன். இந்த இரண்டு வருடத்தில் யாரும் என்னை இன்னொரு முறை வா என்று கூப்பிட்டதில்லை. சந்தோஷமாக இருந்தது, ஒளிப்பானேன்.

முந்தின நாள் உதிர்த்த கொள்ளில் ஒரு பை நிறையக் கொண்டுவந்து பக்கத்து இருக்கையில் வைத்தாள். "ரசம் வைங்கக்கா" என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குத் திரும்பினாள்.

நான் கிளம்பும் முன்பே கயலின் போன் வந்தது. எடுத்தேன்.

"பிரேக்கை ஏம்மா அணைச்ச?"

"கொள்ளு மிதிக்க."

"ஒரு தடவைதானன்னு அப்பாவும் சொல்வாரும்மா. எனக்கு மிச்சம் நீ மட்டுந்தான்." அழுதாள்.

"வீட்டுக்குள்ளயே பத்திரமா இருந்து பார்த்துட்டேன் கயலு. முடியல."

"சரி," என்றாள் கடைசியில். "திரும்பப் போட்டுட்டு ஓட்டும்மா."

போட்டேன். கிளம்பியதும் கார் விடாமல் கத்தியது. பக்கத்தில் இருப்பவர் பெல்ட் போடவில்லையாம். கனத்த பையை ஆள் என்று நினைத்துவிட்டது. இரண்டு வருடமாக அந்த இருக்கைக்காக அது ஒருமுறைகூடக் கத்தியதில்லை.

பையைத் தூக்கிப் பின்னால் வைத்திருக்கலாம். பெல்ட்டை இழுத்து அதற்கு மாட்டினேன். சத்தம் நின்றது. அனுமந்தன்பட்டி வரை இருவராகப் போனோம்.