குதிரைக்குப் பிடித்த சோகப் பாட்டு

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ராக் வாசித்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. வேறு யாராவது வாசித்திருக்கலாம். எங்களுக்கு அவர்களைத் தெரியாது, அவர்களுக்கும் எங்களைத் தெரியாது. ஊருக்கு யாரையுமே தெரியாது.

கிட்டார் வாசித்துக்கொண்டே பாடுகிறவன் சர்ச் பாடகர் குழுவிலிருந்து வந்தவன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில், எல்லோரும் முழந்தாளிட்டிருந்த நேரத்தில் கிட்டாரை அலறவிட்டான். பாதிரியார் அவனை அன்பாக வெளியே அனுப்பிவிட்டார். டிரம்ஸ் வாசித்தவன் உக்கடத்தில் பாத்திரக் கடை வைத்திருந்தவரின் மகன். நான் ஒரு கிரைண்டர் கம்பெனியில் டைப்பிஸ்ட். துபாய்க்குப் போன சித்தி மகன் வைத்துவிட்டுப் போன பேஸ் கிட்டார் எங்கள் வீட்டு அலமாரி மேல் கிடந்தது. அதனால் நான் பேஸ் கிட்டார்க்காரி ஆனேன். மற்ற கிட்டாருக்கு ஆறு கம்பி, இதற்கு நான்குதான். பார்த்தவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்.

"ஏனம்மணி, ரெண்டு கம்பி அறுந்துபோச்சா?"

முதலில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு "ஆமாங்க, வாங்கிப் போடோணும்" என்று சொல்லப் பழகிக்கொண்டேன்.

பாத்திரக் கடைக்குப் பின்னால் இருந்த குடோனில்தான் பயிற்சி. சுற்றிலும் அண்டாக்களும் குண்டான்களும் கூரை வரை அடுக்கியிருக்கும். நான் தடித்த கம்பியைத் தட்டினால் மூலையில் இருந்த பெரிய அண்டா ஒன்று 'ம்ம்ம்' என்று கூடவே பாடும். நாங்கள் பாட்டை நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் பாடிக்கொண்டிருக்கும். கடைக்காரரான டிரம்ஸ்காரனின் அத்தாவுக்கு எங்கள் மேல் கோபமே இல்லை. "பாத்திரத்தைத் தட்டிப் பாத்துத்தானே வாங்குவாங்க. நீங்க மொத்தமாத் தட்டிக் காட்டிப்போடறீங்க, எனக்கு வேலை மிச்சம்" என்பார்.

ஒரு நாள் ஆனைமலைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் கல்யாணத்துக்கு அண்டா வாங்க வந்தார். தங்கச்சி மகளுக்குக் கல்யாணமாம். குடோன் வாசலில் நின்று எங்களையே பார்த்தார். பாட்டு முடிந்ததும் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, நீங்க பேண்டு செட்டுங்களா?"

டிரம்ஸ்காரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். எங்களை முதன்முதலாக ஒருவர் பேண்டு என்று அழைக்கிறார். "ஆமாங்க. பேண்டுதானுங்க" என்றான்.

அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிவாகிவிட்டது. அவர் அண்டாவையும் எங்களையும் சேர்த்துப் பேசி முடித்துவிட்டுப் போனார். கிட்டார்க்காரன் அன்றைக்கே கறுப்புச் சட்டை தைக்கக் கொடுத்தான். மேடை எவ்வளவு உயரமாக இருக்கும், புகை விடுவார்களா என்றெல்லாம் பேசினோம். வீட்டில் நான் தோழி கல்யாணம் என்று சொன்னேன். கல்யாணம் என்பது உண்மைதானே.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மத்தியானம், அண்டா ஏற்றிய டெம்போவிலேயே எங்கள் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போனோம். பிள்ளையார் கோயில் முன்னால் இறக்கிவிட்டார்கள். மேடை எதையும் காணோம். ஒரு வெள்ளைக் குதிரை மட்டும் சலங்கை கட்டிக்கொண்டு நின்றது. அதன் மேல் மாலையோடு மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். பெரியவர் வேகமாக வந்தார்.

"வாங்க வாங்க. மாப்பிள்ளை அழைப்பு ஆரம்பிச்சர்லாம். நீங்க குதிரைக்கு முன்னால வாசிச்சுக்கிட்டே மண்டபத்துக்கு நடங்க."

"நடக்கறதுங்களா?" என்றான் டிரம்ஸ்காரன்.

"பின்னே, உக்காந்துக்கிட்டா வாசிப்பீங்க?"

"ஆமாங்க. நான் உக்காந்துதானுங்க வாசிக்கோணும்."

பெரியவர் டிரம்ஸைப் பார்த்தார். அதன் கால்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அம்மணி, நீயுமா?" என்றார். பிறகு என் கிட்டார் கம்பிகளை எண்ணிப் பார்த்து, "ரெண்டு கம்பி..." என்று ஆரம்பித்தார். "வாங்கிப் போடோணுங்க" என்றேன்.

கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அவரோ ஒரு டிராக்டரை வரவழைத்தார். டிரெய்லரில் டிரம்ஸ், ஸ்பீக்கர், சீரியல் லைட்டுக்காக வைத்திருந்த ஜெனரேட்டர், நான், எல்லாம் ஏறினோம். கிட்டார்க்காரன் மட்டும் ஏற மாட்டேன் என்றான். நட்சத்திரம் மாதிரி மக்களோடு நடந்து வாசிப்பானாம். வயர் நீளம் போதவில்லை. டிரெய்லரோடு கட்டிய கன்றுக்குட்டி போல அவன் பின்னால் நின்றான்.

எங்களிடம் இருந்ததிலேயே அதிரடியான பாட்டை ஆரம்பித்தோம். குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு சந்தோஷமாகக் கத்தின. டிராக்டர் கிளம்பியது. கூட்டமும் கிளம்பியது. கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தால் மாப்பிள்ளை கோயில் வாசலிலேயே இருந்தார். குதிரை நகரவில்லை. தனியாக நடுத்தெருவில், எங்களைப் பார்த்து அவர் கையை ஆட்டிக்கொண்டிருந்தார். டாட்டா காட்டுகிறாரோ என்று நினைத்து நானும் ஆட்டினேன்.

டிராக்டரைப் பின்னால் எடுத்தோம். குதிரைக்காரர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "இது கல்யாணக் குதிரைங்க. பேண்டு அடிச்சா ஆடிக்கிட்டே நடக்கும், அடிக்கலீன்னா நிக்கும். நீங்க அடிக்கறதை அது பேண்டுன்னே எடுத்துக்கலீங்க."

அந்த விமர்சனம் எங்களை ரொம்பத் தாக்கியது. டிரம்ஸ்காரன் தனக்குத் தெரிந்த தாளம் எல்லாவற்றையும் அடித்துக் காட்டினான். குதிரை சாணி போட்டது. வேறு பதில் இல்லை. பெரியவரின் முகம் சிவந்துகொண்டே வந்தது.

மிச்சமிருந்தது ஒரே பாட்டு. அதைக் கிட்டார்க்காரன் சொந்தமாக எழுதியிருந்தான். ஒரு பெண் அவனைக் காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் மழையில் நிற்க வைத்துவிட்டு வேறு பஸ் ஏறிப் போன கதை. முழுக்க இங்கிலீஷ், காந்திபுரம் என்ற சொல்லைத் தவிர. மெதுவான பாட்டு. கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவான். "கல்யாணத்துல அதைப் பாடக் கூடாதுடா" என்றேன். அவன் ஏற்கெனவே கண்ணை மூடியிருந்தான்.

முதல் வரி முடிவதற்குள் குதிரை காதை நிமிர்த்தியது. இரண்டாவது வரியில் முன்னங்காலைத் தூக்கியது. 'நீ ஏன் வரவில்லை' என்று இங்கிலீஷில் கேட்கும் இடம் வந்தபோது ஆடிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டது. டிராக்டரும் நகர்ந்தது. மாப்பிள்ளை தலைப்பாகையைப் பிடித்துக்கொண்டார். ஜனங்கள் விசில் அடித்தார்கள். குதிரை ஆடினால் கூட்டம் ஆடாமல் இருக்குமா? பொண்ணின் அண்ணன்மார் வேட்டியை மடித்துக் கட்டி இறங்கிவிட்டார்கள்.

கிட்டார்க்காரன் கண்ணைத் திறந்தான். தன் உடைந்த மனதுக்கு ஒரு ஊரே குத்தாட்டம் போடுவதைப் பார்த்தான். "இது சோகப் பாட்டுங்க!" என்று கத்தினான். யாருக்கும் கேட்கவில்லை. அதே நேரம் டிராக்டர் ஒரு பள்ளத்தில் துள்ளி வேகம் எடுக்க, அவன் வயர் பிடுங்கிக்கொண்டது. பாட்டு நின்றது. குதிரையும் பட்டென்று நின்றது. மாப்பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"நிறுத்தாதீங்க கண்ணு, மாப்பிள்ளை உழுந்துபோடுவாரு!" என்று குதிரைக்காரர் அலறினார்.

நட்சத்திரம் டிரெய்லரில் ஏறியது. மண்டபம் வரைக்கும் அந்த ஒரே பாட்டைத்தான் திரும்பத் திரும்ப வாசித்தோம். ஒரு அத்தை வண்டியோடு நடந்துகொண்டே, "அம்மணி, வெறுந்தலையோட இருக்கறயே" என்று எட்டி என் தலையில் மல்லிகைச் சரத்தைச் சொருகினார். நான் கம்பியிலிருந்து கையை எடுக்கவே இல்லை. சாயங்கால வெயிலில் புழுதி பறக்க, டிரம்ஸ் வழுக்க, அவன் அதைக் காலால் இழுத்து இழுத்து வாசிக்க, எனக்கு அடக்க முடியாத சிரிப்பு. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன் வாசிக்கும்போது வந்ததே இல்லை.

மண்டபத்து வாசலில் பெரியவர் என்னிடம் வந்தார். "நல்லா இருந்துச்சம்மணி. பாட்டுக்கு என்ன அர்த்தம்?"

"பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கோணும்னுங்க."

"நடுவுல காந்திபுரம்னு வருதே?"

"பொண்ணுக்குச் சேலை எடுத்த எடம்னுங்க."

"அட, அதையும் விசாரிச்சா எழுதியிருக்கீங்க!" என்று நெகிழ்ந்துபோனார். பந்தியில் எங்களுக்கு முதல் வரிசை கிடைத்தது. இரண்டாவது முறை பாயசம் வாங்கிய பிறகு கிட்டார்க்காரன், "அவ வந்திருந்தா இந்தப் பாட்டே இருந்திருக்காது, இல்ல?" என்றான். அதன் பிறகு அவன் அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

அடுத்த முகூர்த்த மாதத்தில் குதிரைக்காரர் உக்கடத்துக் குடோனுக்கே வந்துவிட்டார். குதிரை இப்போது வேறு எந்த பேண்டுக்கும் அசைவதில்லையாம். "பழக்கிப்போட்டீங்க, நீங்கதான் பாத்துக்கோணும்" என்றார். சில கல்யாணங்களுக்குப் போனோம். எனக்கு ஆபீசில் லீவு கிடைக்காமல் போனபோது, அவருக்கு அந்தப் பாட்டை ஒரு கேசட்டில் பதிந்து கொடுத்தோம், மூலை அண்டாவின் 'ம்ம்ம்' உட்பட. எங்கள் ஒரே ஆல்பம் அதுதான். மொத்தம் ஒரு பிரதி. பிறகு கிட்டார்க்காரன் வேலை கிடைத்து பெங்களூர் போனான். டிரம்ஸ்காரன் கடையில் உட்கார்ந்தான்.

ஒரு வருடம் கழித்து, பொள்ளாச்சி ரோட்டில் நான் வந்த பஸ் ஒரு கல்யாண ஊர்வலத்தின் பின்னால் மாட்டிக்கொண்டது. ஸ்பீக்கரில் ஓடிய எங்கள் கேசட் இழுபட்டு, பாட்டு இன்னும் மெதுவாக, இன்னும் சோகமாகக் கேட்டது. வெள்ளைக் குதிரை பிரமாதமாக ஆடியது. என்னால் இருக்க முடியவில்லை. பக்கத்து சீட்டு அம்மாவின் கையைத் தொட்டு, "அது நாங்கதானுங்க" என்றேன்.

அவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டு மரியாதையாகக் கேட்டார்:

"அப்படிங்களா? குதிரைக்கு என்னுங்க தீனி போடறீங்க?"