காண்டசாவில் உத்திரமேரூர்: 153 கிலோமீட்டர், நான்கு சோதனைகள்

கியர்பாக்ஸ் வேலைக்காக மூன்று மாதம் மெக்கானிக்கிடம் கிடந்த என் காண்டசா பொங்கல் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தது. "நூத்தம்பது கிலோமீட்டர் ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றார் மெக்கானிக். குரோம்பேட்டையிலிருந்து உத்திரமேரூர் போய் வந்தால் கணக்குக்குச் சரியாக இருக்கும். அங்கே சுவர் முழுக்கக் கல்வெட்டு உள்ள கோயிலைப் பார்க்க வேண்டும் என்று பல வருஷமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தேன். ஞாயிற்றுக்கிழமை போனால் வழியெல்லாம் போலீஸ் நிறுத்தும், அதனால் செவ்வாய்க்கிழமை போகலாம் என்று லீவு போட்டது என் யோசனைதான். என் கணவர் செந்தில் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. முப்பத்தைந்து வருஷத்து வண்டி ரோட்டில் வந்தால் போலீஸ்காரர் கை தானாக நீளும். பாதி சந்தேகம், பாதி ஆசை. என் விஷயத்தில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். ஓட்டுவது நான். பக்கத்து சீட்டில் இருக்கும் செந்திலுக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் எந்தப் போலீஸ்காரரும் முதலில் போய் நிற்பது அவர் பக்கத்து ஜன்னலில்தான்.

காலை 5.50க்குக் கிளம்பினோம். சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி 6.35க்கு முதல் நிறுத்தம். "சார், வண்டி உங்களுதா?" என்றார் கான்ஸ்டபிள். செந்தில் வழக்கம்போல என்னைக் காட்டினார். கான்ஸ்டபிள் குனிந்து என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, மறுபடியும் அவரிடமே லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும் என்று கேட்டார். எட்டு என்றேன் நான். இதற்குப் பன்னிரண்டு நிமிஷம்.

சுங்கச்சாவடியில் 75 ரூபாய். செங்கல்பட்டில் இட்லி, பொங்கல், இரண்டு காபி, 190 ரூபாய். புக்கத்துறை கூட்டுரோட்டில் நெடுஞ்சாலையை விட்டு வலது பக்கம் திரும்பியதும், 7.50க்கு இரண்டாவது நிறுத்தம். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டு ஒருவர் பானட்டைத் தடவிக்கொண்டே, "இத்த வித்தா இன்னா வரும்?" என்றார். விற்கிற எண்ணம் இல்லை என்றேன். இருபது நிமிஷம். அங்கிருந்து உத்திரமேரூர் வரை சாலை நன்றாக இருக்கிறது. இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயலில் வைக்கோலை உருட்டி உருட்டி வைத்திருந்தார்கள்.

கோயிலுக்கு 8.40க்குப் போனோம். நுழைவுக் கட்டணம் இல்லை. குடவோலை முறையில் தேர்தலில் நிற்க யாருக்குத் தகுதி, யாருக்கு இல்லை என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். சொந்த நிலமும், சொந்த மனையில் வீடும் வேண்டுமாம். காவலாளி பொறுமையாக வரி வரியாகக் காட்டினார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தோம். சாய்ந்த வெயிலில்தான் எழுத்து தெரிகிறது, அதனால் சீக்கிரம் போவது நல்லது.

திரும்பும்போது வாலாஜாபாத் வழி. உத்திரமேரூரைத் தாண்டி மூன்று கிலோமீட்டரில், 11.05க்கு, தடுப்பு வைத்து நிறுத்தினார்கள். எஸ்.ஐ.க்கு நாற்பது வயது இருக்கும். கண் சிவந்திருந்தது. இவர் மட்டும் நேராக என் பக்கம் வந்தார். ஆர்சியைப் பார்த்தார், காரைப் பார்த்தார், மறுபடி ஆர்சியைப் பார்த்தார்.

"இதுல வெள்ளைன்னு போட்டிருக்கு மேடம். வண்டி பச்சையா இருக்கே."

அவர் சொன்னது சரி. பதிவைப் புதுப்பித்த பிறகுதான் கரும்பச்சை அடித்தேன். ஆர்.டி.ஓ. ஆபீசில் நிறத்தை மாற்றிப் பதிய வேண்டும் என்பது தெரியும். மூன்று வருஷமாகச் செய்யவில்லை. சோம்பல், வேறு காரணமில்லை. "ஓரமா போடுங்க" என்றார்.

புளியமரத்தடியில் எங்களுக்கு முன்பே ஒருவர் நின்றிருந்தார். பழைய மொபெட், ஹேண்டிலில் மூன்றடுக்கு டிபன் கேரியர். சாவி எஸ்.ஐ. பையில். பெயர் ஏழுமலை என்றும், வைக்கோல் கட்டு ஏற்றுகிற வேலை என்றும் செந்தில் பேச்சுக் கொடுத்ததில் தெரிந்தது. லைசென்ஸ் கையில் இருந்தது. இன்சூரன்ஸ் இல்லை.

"கட்டிக்கீறேன் சார். காயிதம் வூட்ல கீது. ஒம்போது கிலோமீட்டரு" என்றார். பட்டன் போன்தான் வைத்திருந்தார், அதில் எதையும் காட்ட முடியாது. "பொஞ்சாதிக்கு கர்ப்பப்பை ஆப்ரேசன் பண்ணி இங்க கவர்மெண்டு ஆஸ்பத்திரில கீறா. பதினொன்ற மணிக்கு சாப்ட்டு மாத்திர போடணும்."

"ஆஸ்பத்திரி பக்கந்தானே, நடந்து போயிட்டு வந்துடலாமே?" என்றார் செந்தில்.

"வண்டிய வுட்டுட்டுப் போனா ஸ்டேஷனுக்கு ஏத்திக்கினு பூடுவாங்க. போன மாசம் அப்டிதான். ரெண்டு நாளு வேலைய வுட்டுட்டு அலைஞ்சிக்கினு இருந்தேன்."

அதற்குள் ஒரு கான்ஸ்டபிள் வந்து காருடன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாமா என்றார். எடுத்துக்கொண்டார். எஸ்.ஐ. ஆர்சியை என் கையில் கொடுத்து, "அடுத்த வாட்டி வர்றதுக்குள்ள மாத்திடுங்க மேடம். கெளம்புங்க" என்றார். மணி 11.25.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கிளம்புவதைத் தவிர வேறு நினைப்பு இல்லை. வெயில் ஏறிவிட்டது, முதுகு வலி. சாவியைத் திருகிவிட்டேன். அப்போது ஏழுமலை ஜன்னல் அருகே வந்தார். என்னை விடச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை.

"அம்மா, இந்த சோத்த மட்டும் ஆஸ்பத்திரில குடுத்துட முடியுமா? மல்லிகான்னு கேட்டா சொல்லுவாங்க."

மூன்று கிலோமீட்டர், வந்த வழியே. செந்தில் என்னைப் பார்க்காமலே கையை நீட்டிக் கேரியரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். சாம்பார் கொஞ்சம் வழிந்து சீட்டில் பட்டது.

பெண்கள் வார்டில் மல்லிகா ஒருக்களித்துப் படுத்திருந்தார். கேரியரை முதலில் அடையாளம் கண்டார், பிறகுதான் எங்களைப் பார்த்தார்.

"மறுபடியும் புடிச்சிட்டாங்களா?" குரலில் ஆச்சரியம் இல்லை.

இன்சூரன்ஸ் காகிதம் வீட்டில் இருக்கிறதாம் என்றேன்.

"வூட்ல ஏதும்மா? எங்கிட்ட கீது." தலையணைக்குக் கீழிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை இழுத்தார். "ஆஸ்பத்திரில இன்னா இன்னா கேப்பாங்களோன்னு இருந்த காயிதம் அத்தினியும் வாரிக்கினு வந்துட்டேன். அதுக்குத் தெரியாது." ரேஷன் கார்டுக்கும் ஆதாருக்கும் நடுவில் மடித்திருந்தது இன்சூரன்ஸ். இன்னும் ஐந்து மாதம் இருந்தது. வண்டி மல்லிகாவின் பெயரில்தான் இருந்தது. நான் அதைப் படிப்பதைப் பார்த்து, "நான்தான் மொதல்ல ஓட்டக் கத்துக்கினேன்" என்றார். பக்கத்துப் படுக்கைக்காரரின் மகள் சோறு பிசைந்து கொடுக்க உட்கார்ந்ததும் நாங்கள் கிளம்பினோம்.

12.10க்கு எஸ்.ஐ.யிடம் காகிதத்தைக் கொடுத்தேன். படித்தார். சாவியை எடுத்து ஏழுமலையிடம் நீட்டினார். கூடவே மெஷினிலிருந்து கிழித்த சீட்டும்.

"காகிதம் இருக்கே சார், அப்புறம் எதுக்கு?"

"நிறுத்தினப்ப காட்டல மேடம். மெஷின்ல போட்டா போட்டதுதான். அழிக்க முடியாது."

"என்னுத எழுதலையே நீங்க."

அவர் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். காலை ஆறு மணியிலிருந்து நிற்கிறார் என்று பிறகு கான்ஸ்டபிள் சொன்னார்.

"தெனமும் இத்தன கேஸ்னு கணக்குக் காட்டணும் மேடம்" என்றார், குரலைத் தாழ்த்தி. "உங்கள மாதிரி ஆளுக்கு எழுதினா சாயங்காலத்துக்குள்ள எங்கிருந்தாவது போன் வரும். அவருக்கு எழுதினா வராது."

"எனக்காக யாரும் போன் பண்ண மாட்டாங்க. எழுதுங்க."

இதைப் பெரிய மனசு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கோபப்படக்கூடத் தெம்பில்லை. அதற்கு மேல் அங்கே நின்று வாதாட முடியாது என்பதால் வாயில் வந்தது அது. அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு மெஷினைத் தட்டினார். ஐந்நூறு ரூபாய். சீட்டைக் கொடுக்கும்போது, "சாரி மேடம்" என்றார். அது யாருக்குச் சொன்னது என்று தெரியவில்லை. ஏழுமலை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கு எதுக்கும்மா இந்த பேஜாரு?" என்றார் ஏழுமலை மொபெட்டை உதைத்துக்கொண்டே. நன்றி என்று சொல்லவில்லை, சொல்லவும் ஒன்றும் இல்லை. நான் அபராதம் கட்டியதால் அவருக்கு ஒரு ரூபாய் மிச்சமாகவில்லை. நான்காவது உதையில் வண்டி கிளம்பியது. ஆஸ்பத்திரி பக்கம் போனார்.

வாலாஜாபாத்தில் சாப்பாடு இரண்டு, 220 ரூபாய். ஒரகடம் அருகே 2.40க்கு நான்காவது நிறுத்தம். ஆர்சியோடு அன்றைய அபராதச் சீட்டையும் சேர்த்து நீட்டினேன். இரண்டு நிமிஷத்தில் விட்டார்கள். வீடு சேர 4.15. மொத்தம் 153 கிலோமீட்டர், பெட்ரோல் 19 லிட்டர். கியர்பாக்ஸ் நன்றாக இருக்கிறது.

இதே பாதையில் பழைய வண்டியோடு போகிறவர்களுக்குச் சில வார்த்தை. நிறம், இன்ஜின் எது மாறியிருந்தாலும் ஆர்சியில் பதிந்துவிடுங்கள். நான் மறுவாரமே விண்ணப்பித்தேன், பதினெட்டு நாளில் முடிந்துவிட்டது, இத்தனை வருஷம் தள்ளிப்போட்டதுதான் வெட்கம். அசல் காகிதங்கள் கையில் இருக்கட்டும். கூகுள் காட்டுகிற நேரத்தோடு இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டை உத்திரமேரூரிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. ஓரமாக நிறுத்தச் சொன்னால், போனை எடுப்பதற்கு முன் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். எங்கேயாவது கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியது ஏதாவது அவர்கள் கையில் இருக்கலாம். உங்களை எப்படியும் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.