லிப்ட்டக்காவும் முன்னால் வாசித்தவர்களும்

சுவரில் தொங்கும் பராமரிப்பு நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்திலிருந்து பின்னோக்கி வாசித்துக்கொண்டிருக்கிறார் லிப்ட்டக்கா. லிப்ட் ஏழாம் மாடியில் நின்று அரை மணி நேரமாகிறது. உள்ளே ஆள் யாரும் இல்லை. ஆனாலும் கட்டிட மேலாளருக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"படிச்சு முடிச்சுப் பரீட்சை எழுதப் போறீங்களாம்மா?"

"எனக்கு முன்னாடி இதுல கை வச்சவங்க என்ன எழுதியிருக்காங்கன்னு பாக்காம ஸ்பேனரத் தொடமாட்டேன் சார். அவங்க எல்லாரும் முட்டாள், நான் ஒருத்திதான் புத்திசாலின்னு ஆரம்பிச்சா, லிப்ட்டுக்குப் பதிலா நான்தான் நடுவுல தொங்கணும்."

பதினெட்டு வருடமாக லிப்ட் பழுதுபார்க்கும் வேலை. சட்டைப்பையில் டெஸ்டர், காதோரம் பென்சில். கல்யாணத்துக்குப் போனாலும் மண்டபத்து லிப்ட் கதவு மூடும் சத்தத்தைக் கேட்டு முகம் சுளிப்பார்.

சனிக்கிழமை மாலைகளில் சபைக் கூடத்தின் பின்னறையில் வேத வகுப்பு எடுக்கிறார். அங்கும் இதே பழக்கம்தான். யாராவது ஒரு வசனத்துக்குப் புதிதாக அர்த்தம் சொன்னால், "நல்லாத்தான் இருக்கு. நமக்கு முன்னாடி யாரு இப்படி வாசிச்சாங்க?" என்பார். முதல் சில நூற்றாண்டுகளில் வேதத்துக்கு விளக்கம் எழுதிய ஆயர்களையும் துறவிகளையும் பேருந்தில் போகும்போதும் வரும்போதுமே வாசித்து முடித்தவர். சொந்தக்காரர்களைப் போல அவர்களை "பெரியவங்க" என்கிறார். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவதும் இல்லை.

"அவங்களும் மனுஷங்கதான். எழுத்துலயே ஒருத்தர ஒருத்தர் கடிச்சுக் குதறியிருக்காங்க. ஆனா வேற வேற ஊர்க்காரங்க எல்லாரும் ஒரே பக்கமா கை காட்டுனா, நான் நின்னு பாப்பேன்."

பிரசங்கம் தயாரிக்கும்போது ஆயரே இவருக்குப் போன் செய்வதில் சபைக்குப் பெருமை. அக்காவுக்கும் பெருமைதான், மறைக்கத் தெரியாது.

போன மாதம் ஒரு நண்பகலில் தம்பி மனைவியிடமிருந்து போன்.

"அண்ணி, நேத்துலருந்து இவரு இன்சுலின் போட்டுக்கல. நான் சொன்னா காதுலயே போட்டுக்கமாட்டேங்கறாரு."

தம்பி பெயிண்டர். சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபித்தால் குணமாகும் என்ற வசனத்தைத் தனியே வாசித்துவிட்டு, இனி ஊசியைத் தொடுவது அவிசுவாசம் என்று முடிவு கட்டியிருந்தான். அக்கா வேலை உடுப்போடே போய் இறங்கினார். தம்பிக்கு உதடு காய்ந்திருந்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

"வேதத்துல இருக்கறத அப்படியே நம்புறது தப்பாக்கா?"

"நம்பறது தப்பில்லடா. இத்தன நூறு வருஷமா இதே வசனத்த வாசிச்சவங்க இருக்க, நீ பாட்டுக்கு ஒத்த ஆளா முடிவு பண்ணுனியே, அதான் தப்பு." பையிலிருந்து பெரியவர்களின் புத்தகம் ஒன்றை எடுத்துப் பக்கத்தைப் பிரித்துக் கொடுத்தார். "இந்தப் பெரியவரு நாலாம் நூற்றாண்டு ஆயர். உன் வசனம் இவரு கையிலயும் இருந்துச்சு. ஆனா நோயாளிங்களுக்குப் பெரிய இல்லம் கட்டி, அதுல வைத்தியர வச்சாரு. வைத்தியமும் கடவுள் குடுத்ததுன்னு எழுதியிருக்காரு. உனக்கு அவரவிட விசுவாசம் ஜாஸ்தியா?"

தம்பி வாசித்தான். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தான். மிரட்டிப் போடவைத்தால் நாளைக்கே நிறுத்திவிடுவான் என்பது அக்காவுக்குத் தெரியும்; அவன் முடிக்கும்வரை காத்திருந்தார்.

"அப்ப எண்ணெய்?" என்றான் கடைசியில்.

"அத விடச் சொல்லி எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்ல."

எழுந்து போய்க் குளிர்பெட்டியைத் திறந்து இன்சுலினை எடுத்தான். அதற்குள் அவன் மனைவி டாக்டரைப் போனில் பிடித்திருந்தாள். அவர் சொன்ன அளவை அவனே ஊசியில் ஏற்றி, அவனே போட்டுக்கொண்டான். உடனே மருத்துவமனைக்கு வரும்படி டாக்டர் சொல்ல, அவள் ஆட்டோ பிடிக்க வாசலுக்கு ஓடினாள்.

லிப்ட்டக்கா கிரீஸ் படிந்த கைகளைச் சோப்புப் போட்டு இரண்டு தரம் கழுவினார். சமையலறையிலிருந்து எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து, கட்டைவிரலைத் தோய்த்து, தம்பியின் நெற்றியில் சிலுவை வரைந்தார்.