சிவப்பு நூல் கட்டிய கிளை

கினாஷியில் பைன் வளர்க்காத வீடு எது என்று கேட்டால் ஊர்க்காரர்கள் சுடுகாட்டைத்தான் காட்டுவார்கள். அங்கேயும் சுவரோரம் இரண்டு நிற்கும். மசுயோ பிறந்தது குளத்துக்கு அந்தக் கரை, வாழ்க்கைப்பட்டது இந்தக் கரை. இரண்டு வீட்டுக்கும் தொழில் ஒன்றுதான், உள்ளங்கை அளவு பைன் மரங்களைச் சட்டியில் வளர்ப்பது. பழக்கம்தான் வேறு. பிறந்த வீட்டில், வெட்ட வேண்டிய கிளையில் சிவப்பு நூல் கட்டுவார்கள். புகுந்த வீட்டில், விட்டுவைக்க வேண்டிய கிளையில் கட்டுவார்கள். கல்யாணத்தில் எதையெதையோ பேசி முடித்த பெரியவர்கள் இதை மட்டும் பேசவில்லை.

கல்யாணமான முதல் குளிர்காலத்தில், கணவர் தெய்சோ நூல் கட்டியிருந்த கிளையை மசுயோ நறுக்கென்று வெட்டிவிட்டு, மெச்சுவார் என்று காத்திருந்தாள். அவர் மரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உடோன் நூடுல்ஸ் சாப்பிடப் போய்விட்டார். சரியான கல்லுளிமங்கன். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கே ஆறியிருக்கும். அதோடு அந்த வீட்டில் நூல் கட்டுவதே நின்றது. சின்ன மரங்களுக்கான வெட்டுக்குறடும் அவள் கைக்கு வரவில்லை. தண்ணீர் ஊற்றினாள், பழைய ஊசியிலைகளைப் பிடுங்கினாள், கிளைக்குக் கம்பி சுற்றினாள். வெட்டுவது மட்டும் அவர். தலை நரைத்த பிறகும் அது அவளுக்குள் முள்ளாகவே உறுத்திக்கொண்டிருந்தது.

இந்தக் குளிர்காலத்தில் ஒரு காலை, கொட்டகையில் தெய்சோ சுருண்டு விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது வலது கை விழுந்திருந்தது, பேச்சும் போயிருந்தது. அவர் விழுந்த இடத்துக்கு மேலே, பலகையில் ஒரு கருப்பு பைன். விதை போட்ட நாள் முதல் அவர் கண்ணாக வளர்த்த மரம். அதன் அடியில், ஒரே உயரத்தில், இடமும் வலமுமாக இரண்டு கிளைகள். ஒரே உறைக்குள் இரண்டு கத்தி. ஏதாவது ஒன்று போயாக வேண்டும். இன்னொரு வசந்தம் விட்டால் அந்த இடம் முட்டியாக வீங்கிவிடும். அவ்வளவு சின்னத் தண்டில் வீக்கம் விழுந்தால் மரத்தின் கதை முடிந்தது. இரண்டில் தடித்த கிளையில் சிவப்பு நூல் தொங்கியது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு, விழுந்த அன்று காலையில்தான் கட்டியிருக்கிறார்.

அது எந்த வீட்டு நூல்?

“இதுல என்ன அண்ணி யோசனை?” என்றான் கொழுந்தன் குனியோ. அதே தெருவில் தனியாகத் தோட்டம் வைத்திருப்பவன். “நூல் கட்டினா அது இருக்கணும். எங்கப்பா காலத்து வழக்கம். அந்த நோஞ்சான் கிளையைத் தட்டி விடுங்க.”

“உங்கண்ணன் நூல் கட்டறதையே விட்டுட்டாரேப்பா.”

“யாரால விட்டாரு?”

மசுயோ சட்டியில் உதிர்ந்து கிடந்த ஊசியிலையைப் பொறுக்கினாள்.

“மொட்டு பருக்க ஆரம்பிச்சிருச்சு, இனிமே தாங்காது. சாப்பிட்டுட்டு என் குறடோட வரேன். நானே வெட்டிடறேன். உங்களுக்கு எதுக்கு மறுபடியும் கெட்ட பேரு?”

அவன் போனதும் மசுயோ மரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அடியில் கணப்பு வைத்த தாழ்ந்த மேசைக்குப் பின்னால் தெய்சோ சாய்ந்திருந்தார். மரத்தை அவர் முன்னால் வைத்தாள்.

“ஏங்க, இதை வெட்டவா?”

தலையாட்டினார்.

“அப்ப இதையா?”

அதற்கும் தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததிலிருந்தே இப்படித்தான். சூப் வேண்டுமா என்றாலும் ஆமாம், வேண்டாமா என்றாலும் ஆமாம்.

“என்னைப் பாத்துச் சொல்லுங்களேன். உங்க வீட்டு நூலா, எங்க வீட்டு நூலா?”

அவர் கண்ணில் நீர் முட்டியது. தலை மட்டும் ஆடியது. மசுயோவுக்கு ஆத்திரம் வந்தது. வாய் இருந்த காலத்திலும் பேசவில்லை, இப்போது கேட்டு என்ன பயன்?

அவள் நூலை மறந்துவிட்டு மரத்தைப் பார்த்தாள். தடித்த கிளை மொழுமொழுவென்று அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதன் பக்கத்தில் தண்டு சின்னப்பிள்ளை மாதிரி தெரிந்தது. உள்ளங்கையால் அதை மறைத்தாள். நோஞ்சான் என்று குனியோ சொன்ன கிளை, செதில் விட்ட பட்டையோடு, மலைக்காற்றில் கிழண்டது போலக் கீழே வளைந்து நின்றது. மரமே சட்டென்று மூத்துவிட்டது. கையை எடுத்தாள். மறுபடி மறைத்தாள். கண் சொல்வது நிஜமா, பிறந்த வீட்டுப் பிடிவாதமா? தப்பாகிவிட்டால் ஒட்டவைக்க முடியாது. அவர் ஆயுசில் இன்னொரு மரத்தை இந்த அளவுக்கு வளர்க்கவும் முடியாது.

வாசலில் குனியோவின் வண்டி வந்து நின்றது.

மசுயோ எழுந்து, மாடத்திலிருந்து தெய்சோவின் குறடை எடுத்துவந்தாள். பிடி கையில் வழுக்கியது. பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு, தடித்த கிளையின் அடியில் குறடின் வாயைப் பொருத்தி, மூச்சைப் பிடித்து அழுத்தினாள். கிளை நூலோடு மேசையில் விழுந்தது. பிசின் வாசனை எழுந்தது.

“ஐயோ அண்ணி!” குனியோ நடையிலேயே நின்றுவிட்டான். “மறுபடியும் அதே தப்பா?”

“தப்போ சரியோ, மரத்தைப் பாத்து வெட்டினேன். நூலைப் பாத்து இல்ல.”

கணவரைப் பார்க்க அவளுக்குத் துணிவில்லை. வெட்டுவாயில், மரத்தின் காயத்தை மூடும் பசையை அப்பிக்கொண்டே இருந்தாள்.

தெய்சோவின் இடது கை மேசைமேல் மெல்ல நகர்ந்தது. விழுந்த கிளையை இழுத்து, மடியில் இடுக்கி, விரலால் நோண்டி நோண்டி நூலை உருவியது. குனியோ உதவப் போனான், கை அவனைத் தள்ளியது. நூலைத் தூக்கி, நடுங்க நடுங்க, மரத்தின் உச்சிக்கருகே இன்னொரு கிளைமேல் போட்டது. கட்ட முடியவில்லை, சும்மா தொங்கியது. பிறகு குறடை மசுயோவின் பக்கம் தள்ளியது.

“அண்ணே, இது இருக்கணுமா, போகணுமா?” என்றான் குனியோ.

தெய்சோ தலையாட்டினார்.

மசுயோ அவரிடம் எதுவும் கேட்கவில்லை. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்டியைத் தன் பக்கம் திருப்பி உச்சிக்கிளையைப் பார்க்கத் தொடங்கினாள்.